காவலூர் சனிக்கிழமை இரவு: போய் வந்தவங்க சொல்லுங்களேன்

வணக்கம். பர்கூர்ல இருந்து எழுதுறேன். ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துல சனிக்கிழமை பொதுமக்களுக்கு வானம் காட்டுறாங்க இல்லையா, அதுக்கு அப்பாவையும் எட்டாவது படிக்கிற பொண்ணையும் கூட்டிட்டுப் போகணும். அந்த 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி ஆராய்ச்சிக்கு, நமக்குச் சின்னதுதான்னு தெரியும். பரவாயில்லை. 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல இந்த மலைக்கும் பங்கு உண்டுன்னு பொண்ணு சொன்னதுல இருந்து அப்பாதான் என்னைவிட அவசரப்படுறார்!

ஐப்பசி, கார்த்திகையில மேகம் விடாது, அதனால தை, மாசியில போகலாம்னு இருக்கோம். பௌர்ணமி வேண்டாம், வெளிச்சத்துல மங்கலான நட்சத்திரமெல்லாம் மறைஞ்சிடும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டின சனிக்கிழமைன்னா நல்லதுன்னு எனக்குத் தோணுது. பாதி நிலாவுல வெளிச்சமும் இருட்டும் சேர்ற ஓரத்துல பள்ளங்களோட நிழல் நீளமா விழும், புதுசா பார்க்கிறவங்களுக்கு அதுவே போதும். இல்ல, அமாவாசைதான் சரின்னு சொல்வீங்களா?

முக்கியமா கேட்க வந்தது வேற. அப்பாவுக்கு முட்டி வலி. வண்டி நிறுத்துற இடத்துல இருந்து எவ்வளவு தூரம் நடக்கணும், படி நிறைய இருக்கா? வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ராத்திரி திரும்பும்போது ரோடு எப்படி, பனி மறைக்குமா? ராத்திரி பஸ்ஸை நம்பலாமா? முன்கூட்டியே பேர் கொடுக்கணுமா?

டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கிறேன், கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகுமே.

கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து கார்ல போறவங்க மூணு பேருக்கு இடம் இருந்தா சொல்லுங்க, டீசல் காசைப் பகிர்ந்துக்கலாம்.