1/32 சேபர் மாதிரியை ஏவான் சேபராக மாற்ற ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். பட்டர்வொர்த் தளத்திலிருந்து ஒரு காலத்தில் பறந்த ஆஸ்திரேலியத் தயாரிப்பான சிஏ-27 சேபர் (ஏவான் சேபர்) போர் விமானத்தை, பின்னர் நம் அரச மலேசிய ஆகாயப்படைக்கும் வழங்கப்பட்ட அதே வகையை, 1/32 அளவில் செய்ய விரும்புகிறேன். கையில் இருப்பதோ ஹசெகாவா நிறுவனத்தின் எஃப்-86எஃப், அதாவது அமெரிக்க சேபரின், மாதிரிப் பெட்டி.

வண்ணத்தையும் சின்னங்களையும் மாற்றினால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க சேபரின் ஜே-47 எஞ்சினுக்குப் பதிலாகப் பொருத்திய ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான், நீளத்தில் குறைந்தும் அகலத்தில் கூடியும் இருந்ததால், உடற்பகுதியில் 60 விழுக்காட்டுக்கு மேல் திருத்தி வடிவமைத்தார்கள். மூக்கிலுள்ள காற்று நுழைவாயும் 25 விழுக்காடு பெரிதானது. ஆறு இயந்திரத் துப்பாக்கிகளின் இடத்தில் இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் வந்தன. துப்பாக்கித் துளைகளை அடைப்பது எளிது, மூக்குதான் சிக்கல்.

மூக்கின் கீழ்ப்பகுதியை நீளவாக்கில் மெல்லிய ரம்பத்தால் பிளந்து, ஆப்பு வடிவில் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, எபோக்சி பட்டி பூசித் தேய்க்க எண்ணியுள்ளேன். அந்தப் பிளவை எந்த இடத்தில் முடித்தால், இறக்கை சேரும் பகுதி கெடாமல் வளைவு இயல்பாகக் கலக்கும்? நுழைவாயிலிருந்து காற்று செல்லும் உட்குழாயைத் தகட்டை இளக்கி அச்சின்மேல் வடிப்பதா, முப்பரிமாண அச்சில் எடுப்பதா? குழாய் பெரிதானால், மாதிரி வால்பக்கம் சாயாமலிருக்க மூக்கில் வைக்கும் ஈயத்துக்கு இடம் குறையுமே என்ற கவலையும் உண்டு.

நம்பகமான குறுக்குவெட்டு வரைபடமோ, மூக்கை நேர்ப்பக்கவாட்டில் எடுத்த படங்களோ வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். பினாங்கில் இருப்பவர் என்றால் நேரில் வந்தே பார்த்துக்கொள்கிறேன்.