சோயாப் புரதம் பூசினால் வெயில் தாக்காதா?

தாமிரபரணிக்கரை:
சேரன்மகாதேவிப் பக்கம் எங்க மகளிர் குழுவில், நடவுக்குப் போறவங்களுக்குச் சோயா கிரீம் செய்யலாம்னு பேச்சு. சோயாப்பாலைக் காய்ச்சி கற்றாழை ஜெல்லில் கலந்தா போதுமா? சன்ஸ்கிரீனை விட்டுடலாமா?

பாளை_வேதியியல்:
விடவே கூடாதுக்கா. புரதம் உறிஞ்சுவது 280 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிரைத்தான். தரைக்கு வந்து தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் யூ.வி.பி. வகை பெரும்பாலும் 290-க்கு மேலே, யூ.வி.ஏ. வகை 320 முதல் 400 வரை. புரதம் பூசினாலும் வெயில் அப்படியே உள்ளே இறங்கும்.

சோயாவுக்கு வேறு வேலை உண்டு. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான்ங்கிற புரதம், நிறமிச் செல்லிலிருந்து தோலைக் கருப்பாக்கும் மெலனின் மேல்தோல் செல்லுக்குக் கைமாறுவதைக் குறைக்கும். ஆனா காய்ச்சினா அது பெரும்பாலும் செயலிழந்துடும். காய்ச்சாத பாலோ ஒரே நாளில் புளிச்சு நாறும்.

தாமிரபரணிக்கரை:
கெடாம இருக்க எலுமிச்சை பிழிஞ்சா?

பாளை_வேதியியல்:
பி.எச். (புளிப்பு அளவு) 4.5 பக்கம் வந்ததும் சோயாப் புரதம் திரிஞ்சிடும். விரலில் தேய்ச்சா ரவை மாதிரி நெருடும், தண்ணி தனியா நிக்கும்.

வாழைத்தோப்பு:
கடையில் கிடைக்கிற ஹைட்ரோலைஸ்டு (சின்னத் துண்டுகளா உடைச்ச) சோயா அல்லது அரிசிப் புரதம் வாங்குங்க. 100 கிராம் கிரீமுக்கு 2 கிராம். கிரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறினபிறகு கலக்கணும். பி.எச். 5.5. பாதுகாப்பானான பீனாக்சி எத்தனால் 1 கிராமைத் தாண்டக் கூடாது. பாதுகாப்பான் போடாத புரதக் கிரீம் நம்ம ஊர் வெயிலில் சில நாளிலேயே மூடி உப்பிடும். இது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும் மேல்பூச்சு, அவ்வளவுதான். வேலை முடிஞ்சு கைகால் கழுவினதும் பூசிக்கலாம்.

கோதுமைப் புரதத்தில் கவனம். ஜப்பானில் ஒரு முகச் சோப்பிலிருந்த பெரிய மூலக்கூறு கோதுமைப் புரதத்தால் 2,000 பேருக்கும் மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதனால்தான் ஐரோப்பாவில் அந்தப் புரதத் துண்டின் மூலக்கூறு எடை சராசரி 3.5 கிலோடால்டனைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வைச்சிருக்காங்க. சோயா ஒத்துக்காதவங்க இருந்தா சோயாவும் வேண்டாம். முழங்கை உள்பக்கம் பூசி 2 நாள் பார்த்த பிறகே முகத்துக்கு.

பாளை_வேதியியல்:
வெயிலைத் தடுக்கும் துத்தநாக ஆக்சைடு பொடியை வாங்கி இதிலேயே கலக்கிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. மிக்ஸியில் அது கட்டிகட்டியா நிக்கும். கட்டி இல்லாத இடத்தில் தோல் வெந்துடும். எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீனை முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எடுத்து, வயலில் இறங்க 15 நிமிஷம் முன்னாடி பூசணும். வேர்வையில் கரையும், 2 மணி நேரத்துக்கொரு தடவை திரும்பப் பூசணும். கைக்கு முழுக்கைச் சட்டை போதும், தலைத்துண்டைக் காது, பிடரி மறைய இழுத்துக் கட்டச் சொல்லுங்க.