நூலக வீடியோ சந்தாவை ஆசிரியர்கள் பக்கம் கொண்டுபோவது எப்படி?

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஸ்ட்ரீமிங் வீடியோ சந்தா எடுத்து இது இரண்டாவது கல்வியாண்டு. ஆவணப்படம், ஆய்வகச் செய்முறை, நேர்காணல் என நல்ல தொகுப்புதான். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர் (COUNTER) பயன்பாட்டு அறிக்கையைத் திறந்தால் வயிறு எரிகிறது. செவிலியர் துறை மட்டும் பார்க்கிறது; வரலாறு, சமூகவியல் பக்கம் ஏறக்குறைய பூஜ்யம். அடுத்த செமஸ்டரில் புதுப்பிக்க வேண்டும்.

வீடியோக்களின் மார்க் (MARC) பதிவுகளை, அதாவது தேடினால் கிடைப்பதற்கான விவரக் குறிப்புகளை, நூலகப் பட்டியலில் ஏற்றியாயிற்று. வாசலில் க்யூஆர் சுவரொட்டி, முதலாண்டு மாணவர்களுக்கு விளக்கம், எல்லோருக்கும் மின்னஞ்சல் (அதை யார் படிக்கிறார்கள், அது வேறு கதை). ஒன்றுதான் பலித்தது: ஒரு பேராசிரியர் 4 நிமிடத் துண்டை மட்டும் வெட்டி, மூடுல் (Moodle) என்ற இணையப் பாடத்தளத்தில் அந்த வாரப் பாடத்துக்குக் கீழேயே வைத்தார். எண்ணிக்கை சட்டென ஏறியது, அடுத்த வாரமே இறங்கிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிரியர்கள் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து அனுப்புகிறார்கள். அதில் ப்ராக்ஸி முன்னொட்டு (கல்லூரிக்கு வெளியிலிருந்தும் நூலகம் வழியாகத் திறக்க உதவும் முகவரிப் பகுதி) இல்லாததால், வீட்டிலிருந்து திறக்கும் மாணவருக்கு உள்நுழைவுப் பக்கத்தோடு சரி. அதற்குப் பதிலாக, அந்த முன்னொட்டுள்ள நிரந்தர இணைப்பை எடுக்கச் சொன்னால், "யூடியூபிலேயே கிடைக்குதே" என்கிறார்கள்.

வீடியோவைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கும்படி ஆசிரியர்களை இணங்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள்?