நுண்ணறிவுச் சோதனை நம்பகத்தன்மை: இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வணக்கம். மதுரையில் எம்.எட். ஆய்வேடு எழுதுகிறேன். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரேவனின் ஸ்டாண்டர்டு புரோகிரசிவ் மேட்ரிசஸ் (பட வடிவங்களில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நுண்ணறிவுச் சோதனை; 1938-இல் வந்தது, 5 தொகுதி, 60 வினா) கொடுத்தேன். நேர வரம்பில்லை. குறிப்பை அவர்களே படித்து விடை குறித்தார்கள். சில வாரம் கழித்து அதே சோதனை மறுபடியும்.

முதல் சுற்றில் கே.ஆர்.20 (வினாக்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண்) 0.85-க்கு மேல். ஆனால் இரண்டு சுற்றுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.6-ஐக்கூடத் தொடவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் மதிப்பெண் கூடியிருந்தால் ஒட்டுறவு குறையாது. இங்கே பின்தங்கியிருந்தவர்களில் சிலர் மட்டும் கிடுகிடுவென ஏறிவிட்டார்கள்.

திருத்தியதை மறுபடி சரிபார்த்தாச்சு, பெயர் எதுவும் மாறவில்லை. பள்ளிவாரியாகப் பிரித்தாலும் இதே நிலைதான். ஒற்றை, இரட்டை வினாவாகப் பிரித்து ஸ்பியர்மன்–பிரவுன் திருத்தமும் (பாதிச் சோதனைகளின் ஒட்டுறவிலிருந்து முழுச் சோதனையின் நம்பகத்தன்மையைக் கணிப்பது) போட்டேன். அதுவும் உயர்வாகவே வருகிறது. (ஒவ்வொரு தொகுதியும் எளிதில் தொடங்கிக் கடினமாவதால் முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கவில்லை.)

வழிகாட்டி, கே.ஆர்.20 மட்டும் போதும் என்கிறார். மனசு ஒப்பவில்லை. இந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்திவிடுவார்களே.

ஆசிரியர் உடனிருந்து குறிப்பை விளக்கும் வேறொரு குழுவுக்கும் இதேபோல் இருமுறை நடத்தி ஒப்பிட்டால், கோளாறு பிள்ளைகள் தாங்களே செய்யும் முறையில்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?