குருதிப்புனல்: முதல் தடவை பார்த்த அனுபவம் சொல்லுங்க

வைகைக்கரையான்:

1995 தீபாவளிக்கு மதுரையில் பேச்செல்லாம் ரஜினியின் 'முத்து', கமலின் 'குருதிப்புனல்' இரண்டைப் பற்றித்தான். எங்கள் செட் கமல் பக்கம். பாட்டு கேசட் வராததால் படத்தில் பாட்டு இல்லை என்று முன்பே தெரியும். ஆனாலும் கமல், அர்ஜுன் இரண்டு பேருமே போலீஸ் அதிகாரிகள், சண்டைக்குப் பஞ்சமிருக்காது என்று பேப்பர் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டு போனோம்.

ஆரம்பத்தில் ஒரே விசில். தீவிரவாதிகளின் தலைவன் பத்ரியாக வரும் நாசர் போலீஸ் பிடியில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் அது மெல்லக் குறைந்தது. அடி வாங்குகிறவன் அவன், ஆனால் அந்த அறையில் பதற்றமாக இருப்பது ஆதியாக வரும் கமல்தான். அடித்தால் உண்மையைக் கக்கிவிடுவான் என்ற நம் சினிமா கணக்கு அங்கே செல்லவில்லை. எல்லோருக்கும் உடைகிற இடம் ஒன்று உண்டு என்பதுதான் பத்ரியின் வாதம். ஆதிக்கு அது எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, மகன் உயிரில் கை வைக்கிறான். கதாநாயகன் உடைந்துவிட்டான். நல்ல நாளும் அதுவுமாக வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர், "என்னப்பா, கமலே பயப்படுறாரு" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வீரம் என்பது பயமில்லாத மாதிரி நடிப்பது என்ற வசனத்தைப் பிற்பாடு மேடைப் பேச்சிலெல்லாம் எடுத்துக் கையாண்டார்கள். அன்றைக்குத் தியேட்டரில் அதற்குக் கைதட்டல் கிடையாது. ஆதி எந்த நிலைமையில் நிற்கிறான் என்று பார்த்த பிறகு யாருக்குத் தட்டத் தோன்றும்? பேப்பர் பையிலேயே இருந்தது.

கார்பன் வெளிச்சம்:

எங்கப்பா அப்போ ஒரு டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டர், நான் கூடமாட ரீல் சுத்திக் கொடுப்பேன். படம் எங்க ஊருக்கு வர ரொம்ப மாசம் ஆச்சு. இந்தியாவுலயே முதல்ல டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலி முறையில வந்த படம்னு சொன்னாங்க. எங்க கொட்டகையில திரைக்குப் பின்னாடி ஒரே ஸ்பீக்கர். "ஓடுமாப்பா?"ன்னு கேட்டேன். அந்தச் சத்தமும் ஃபிலிம் ஓரத்துல கோடாத்தான் பதிஞ்சிருக்கு, எக்சைட்டர் லைட் அது மேல விழுந்தா நம்ம மெஷினும் படிச்சிடும், நாலு பக்கமும் பிரிஞ்சு கேக்காது, அவ்வளவுதான்னு சொன்னார். அப்படியே ஓடுச்சு.

டீக்கடைக்காரர்தான் பாவம். பாட்டு வந்தா பாதிப் பேர் எழுந்து வெளிய வருவாங்க, அதுலதான் அவருக்கு வியாபாரம். இந்தப் படத்துக்கு இடைவேளை தவிர ஒரு ஆள் எழுந்திரிக்கல. பீடி பத்தவைக்கக்கூட யாரும் வரலைன்னு புலம்பினார்.

வருஷம் கழிச்சு சென்னையில நல்ல சவுண்ட் இருக்கிற இடத்துல மறுபடி பார்த்தேன். மகேஷோட பின்னணி இசை எங்கெங்க நின்னுபோகுதுன்னு அப்பதான் பிடிபட்டுச்சு. அடுத்து துப்பாக்கி வெடிக்குமா, போன் மணி அடிக்குமான்னு தெரியாம நாமளே காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அப்பா அதைக் கேக்காமலே போயிட்டார். அவரைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்னு இன்னைக்கும் தோணுது.

நெய்வேலிப்பெண்:

நான் பார்த்தது கேபிள் டிவியில், மதிய நேரம், அம்மாவோடு. எல்லோரும் கமல், நாசர் என்றே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பேச்சு ஆதியின் மனைவியாக வரும் கௌதமியைப் பற்றித்தான். தீவிரவாதிகள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். வாசலைத் தாண்டினால் சாதாரணத் தெரு, யாரிடமும் வாய் திறக்க முடியாது. அந்தக் காட்சிகள் ஓடும்போது அம்மா எழுந்து போய் எங்கள் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். காப்பாற்றக் கணவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, தானே முடிவெடுக்கிறாள். 90களில் போலீஸ்காரர் மனைவி பாத்திரம் என்றால் வாசலில் நின்று வழியனுப்புவதோடு சரி. பி.சி.ஸ்ரீராம் அந்த வீட்டை எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். எங்கள் பழைய டிவியில் பாதி இருட்டாகத் தெரிந்தது, அதுவே பயத்தைக் கூட்டியது.

வைகைக்கரையான்:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தவறவிடக் கூடாத விஷயம், நான்தான் எழுதாமல் விட்டுவிட்டேன். கார்பன் அண்ணே, அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

இந்திப் படம் பார்த்தவன்:

கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' 1994இல் வந்தது. அதைத்தான் கமல் தமிழுக்குக் கொண்டுவந்தார். நான் வடக்கே வேலையில் இருந்தபோது அதை முதலில் பார்த்துவிட்டேன், அதனால் கதை தெரிந்தே தமிழில் பார்த்தேன். இந்தியில் பத்ரா வேடம் செய்த ஆஷிஷ் வித்யார்த்திக்குத் தேசிய விருது கிடைத்தது. அவரிடம் ஒரு கொதிப்பு இருக்கும். நாசர் குரலை உயர்த்தாமலே அதைச் செய்துவிட்டார். என் ஓட்டு நாசருக்குத்தான்.

கே.விஸ்வநாத்தை யாருமே சொல்லவில்லையே! 'சங்கராபரணம்' எடுத்த மனிதர், தமிழில் அவர் நடித்த முதல் படம் இது. அந்த முகத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? உயரதிகாரியாக வரும் அவரே உள்ளே இருந்து தீவிரவாதிகளுக்குத் தகவல் கொடுத்தவர் என்று தெரியும் காட்சியில், கதை தெரிந்த எனக்கே நம்பப் பிடிக்கவில்லை. 'குருதிப்புனல்' இந்தியா சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட படம், இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை. முடிவில் தீவிரவாதிகள் கூட்டத்துக்குள் ரகசியமாக இருக்கும் தன் ஆள் சிவாவிடம் ஆதி தன்னையே சுடச் சொல்கிறான், சிவாவின் வேஷம் கலையக் கூடாது என்பதற்காக. பெரிய கதாநாயகனை வைத்து, அதுவும் தீபாவளி அன்று, இப்படி முடிக்க அந்த நாளில் தமிழில் வேறு யாருக்குத் துணிச்சல் இருந்தது?