வீடு காலி செய்ய நோட்டீஸ்: வாயால் சொன்னது போதுமா?

மூன்றாம்_மாடி (ஜூன் 9)

வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். நானும் என் தோழியும் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு வருடத்துக்குத்தான் அக்ரிமெண்ட் போட்டோம், அது முடிந்த பிறகு புதிதாக எதுவும் எழுதவில்லை, மாதம் பிறந்தால் 1ஆம் தேதி வாடகையைக் கட்டுவோம், அவரும் வாங்கிக்கொள்வார், அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை 20க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தோழியும் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை மாடிப்படியில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்றார். நானும் நிம்மதியாகிவிட்டேன். நேற்று பழைய அக்ரிமெண்டை எடுத்துப் படித்தால், காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் வாயால் சொன்னது கணக்கில் வருமா? முடிந்துபோன அக்ரிமெண்ட் இன்னும் எங்களைக் கட்டுப்படுத்துமா? கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம் என்கிறாள் தோழி, அது சரியா? நல்ல மனிதர், மூன்று வருடத்தில் ஒரு சண்டை கிடையாது, முகம் கோணாமல் பிரியவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

சாவிக்கொத்து

இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை எல்லாம் அப்புறம் யோசிக்கலாம். எழுதியது அவர் கைக்குப் போகிற நாளிலிருந்துதான் கணக்கு ஓடும், தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்கள் பணம்.

பழைய_குடித்தனம்

நான் இதுவரை ஏழு வீடு மாறியவன், இரண்டு தடவை இந்த விஷயத்தில் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய அக்ரிமெண்டை மறுபடி முழுக்கப் படியுங்கள், குறிப்பாகக் கடைசிப் பக்கங்களை. "காலம் முடிந்த பிறகும் குடியிருந்தால் இதே நிபந்தனைகள் தொடரும்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அந்த இரண்டு மாதம் இப்போதும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், பல இடங்களில் இது மாதத்துக்கு மாதம் தொடர்கிற வாடகையாக மாறிவிடும், அதற்கு நோட்டீஸ் எத்தனை நாள் என்பதை அந்த ஊர்ச் சட்டமே சொல்லும், அது இரண்டு மாதத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம், அதனால் உங்கள் பகுதியில் வாடகை விவகாரம் பார்க்கும் அலுவலகத்திலோ ஒரு வக்கீலிடமோ இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள். வருடக் கணக்கு இன்னும் முடியாமல் நடுவில் கிளம்புகிறவர்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தால் மட்டும் போதாது, இடையில் விலக அக்ரிமெண்டிலேயே வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டு மாதம் என்றால் ஜூன் 9இல் கொடுத்தால் ஆகஸ்ட் 9 என்று நாம் நினைப்போம். ஆனால் சில அக்ரிமெண்ட்களில் நோட்டீஸ் வாடகை மாதத்தின் முடிவில்தான் முடியவேண்டும் என்று இருக்கும். உங்களுக்கு வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது என்பதால் அது ஆகஸ்ட் 31 ஆகிவிடும். மே 31க்குள் கொடுத்திருந்தால் ஜூலை 31. ஒன்பது நாள் தாமதத்துக்கு ஒரு முழு மாத வாடகை! எனக்கு நேர்ந்ததும் இதுதான். நான் கடிதத்தைத் தபாலில் போட்ட தேதியை வைத்துக் கணக்குப் போட்டேன், அது போய்ச் சேர்ந்தது அடுத்த மாதம் 2ஆம் தேதி. இரண்டே நாளில் ஒரு மாத வாடகை போனது, இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

அதனால் நேரில் போய்க் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். கூடவே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் படமெடுத்து அனுப்புங்கள், ஆனால் அக்ரிமெண்டில் அந்த வழி சொல்லியிருந்தால் தவிர அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம்.

கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. நான் கடைசியாகக் கொடுத்தது இவ்வளவுதான்:

"ஐயா, தங்களுக்குச் சொந்தமான இன்ன முகவரியிலுள்ள வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்து வருகிறோம். இந்த வீட்டை இன்ன தேதியன்று காலி செய்து சாவியை ஒப்படைக்க இருக்கிறோம். இதையே எங்கள் முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அதற்கு முன் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்வையிடும்படியும், அட்வான்ஸ் தொகையை இந்தக் கணக்குக்குத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் புதிய முகவரி இது."

கீழே தேதி, கையெழுத்து. அக்ரிமெண்டில் உங்கள் தோழியின் பெயரும் இருந்தால் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் மற்றவர் இன்னும் குடியிருப்பதாகச் சொல்ல இடம் இருக்கிறது, பாக்கி வாடகை வந்தால் இருவரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

வாடகைக்கு_விடுபவள்

நான் அந்தப் பக்கத்தில் இருப்பவள், அம்மா விட்டுப்போன ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் "பார்த்துக்கலாம்" என்றது பொய்யாக இருக்காது. ஆனால் அவர் எந்தத் தேதியை மனதில் வைத்தார், நீங்கள் எந்தத் தேதியை வைத்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. படியில் நின்று பேசியதை ஆளுக்கொரு மாதிரி ஞாபகம் வைத்திருப்போம், அது யாருடைய தப்பும் இல்லை.

எங்களுக்கு நோட்டீஸ் எதற்கு வேண்டும் தெரியுமா? வீடு சும்மா கிடக்கும் மாதத்தைத் தாங்கத்தான். அந்தப் பயத்தைத் தீர்த்துவிட்டால் பாதி பேர் நாள் கணக்குப் பார்க்கமாட்டார்கள். கடிதத்தைக் கொடுக்கும்போதே, "முறைப்படி இந்தத் தேதி வரை பொறுப்பு எங்களுடையது என்று தெரியும், ஆனால் ஜூலை 20க்கே விடவேண்டிய சூழ்நிலை, நீங்கள் இப்போதே ஆள் தேடலாம், வீடு பார்க்க வருபவர்களுக்கு நாங்கள் கதவு திறந்துவிடுகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த நல்ல குடும்பம் இருந்தால் சொல்லுங்கள், ஏற்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம். பல இடங்களில் வீட்டுக்காரரும் அடுத்த ஆளைத் தேட நியாயமான முயற்சி செய்தாக வேண்டும், பூட்டிவைத்துவிட்டு மிச்ச மாத வாடகை முழுவதையும் கேட்க முடியாது. ஆனால் பேச்சை அங்கிருந்து தொடங்காதீர்கள், சட்டத்தைக் காட்டினால் எங்களில் நல்லவர்களும் விறைத்துக்கொள்வோம்.

அவர் முன்கூட்டி விட ஒப்புக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். "ஜூலை 20க்குப் பிறகு வாடகை இல்லை" என்று ஒரு வரி, கையெழுத்து. இதை விட்டுவிடவே கூடாது.

சாவிக்கொத்து

மேலே சொன்ன இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். அட்வான்ஸ் விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்: தோழி சொல்வதைச் செய்யாதீர்கள். அட்வான்ஸ் என்பது வீட்டுக்குச் சேதம், பாக்கி என்று ஏதாவது வந்தால் எடுத்துக்கொள்வதற்கு. நீங்களாக வாடகையை நிறுத்தினால் கணக்கில் அது பாக்கி, உங்கள் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும். அவராகச் சரி என்று எழுதிக் கொடுத்தால் அது வேறு.

மூன்று வருடம் இருந்திருக்கிறீர்கள், சுவர் கொஞ்சம் மங்கியிருக்கும், தரை தேய்ந்திருக்கும். அது சாதாரணத் தேய்மானம், அதற்குப் பணம் பிடிப்பது முறையில்லை. உடைந்த கண்ணாடி, நீங்கள் அடித்த பெரிய ஆணித் துளை, இதெல்லாம் வேறு, முடிந்தால் நீங்களே சரிசெய்துவிடுங்கள். சாமான்களை ஏற்றிய பிறகு, காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். என் நண்பன் ஒருவன் எடுக்காமல் விட்டு, தான் பார்த்தே இராத ஒரு கறைக்காக அட்வான்ஸில் பாதியை இழந்தான்.

மூன்றாம்_மாடி (ஜூன் 12)

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட்டேன். அக்ரிமெண்டில் நிபந்தனைகள் தொடரும் என்ற வரி இருக்கிறது, அதனால் இரண்டு மாதம் செல்லும் என்றே வைத்துக்கொண்டேன். மாத முடிவு என்று எதுவும் இல்லை. 10ஆம் தேதி காலையில் இருவரும் கையெழுத்துப் போட்டு நேரில் போனோம். ஆகஸ்ட் 10 என்று கடிதத்தில் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம், "நீ இந்த வருடக் கடைசி என்று சொன்னதாக அல்லவா நினைத்தேன்" என்றார். வாடகைக்கு விடுபவள் சொன்னது அப்படியே நடந்தது.

ஜூலை 20 பற்றியும் பேசினேன். ஆள் கிடைத்துவிட்டால் அந்தத் தேதியோடு முடித்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் ஆகஸ்ட் 10 வரையிலான நாட்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று கடிதத்தின் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூலை வாடகையை வழக்கம்போல 1ஆம் தேதி கட்டிவிடுவோம். நாளைக்கு வீடு பார்க்க ஒரு குடும்பம் வருகிறது, இப்போது கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_குடித்தனம்

மிகவும் சந்தோஷம். சாவி கொடுக்கிற அன்று மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதை எழுதி அதற்கும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் இருந்தால் பெயரை மாற்றும்வரை விடாதீர்கள்.