மோனேயின் போர்: வைக்கோலா, கதிரா?

தூரிகை: ‘பிரெஞ்சு ஓவியர் மோனே ஜிவெர்னி ஊரில் வரைந்த வைக்கோற்போர்கள்’ என்று நேற்று இங்கே ஒரு பதிவு. அவருடைய 1890-91 பட வரிசையில் இருப்பது வைக்கோல் இல்லை, அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டு. எத்தனை தடவை சொல்வது?

வெயிலான்: பதிவு என்னுடையதுதான். ஆங்கிலத்தில் ‘ஹேஸ்டாக்’ என்றே வழங்குகிறது. உலகமே தப்பு, நீங்கள் மட்டும் சரியா?

தூரிகை: ‘ஹே’ என்றால் உலர்ந்த புல். அதுவும் வைக்கோல் ஆகாது. 1891 மே மாதம் பாரிஸில் ஓவிய வணிகர் தூரன்-ருயேல் இந்த வரிசையின் 15 படங்களைக் காட்சிக்கு வைத்தபோது பிரெஞ்சுத் தலைப்பு ‘போர்கள்’தான். எதன் போர் என்று அதில் இல்லை. படத்தைப் பாருங்கள்: வட்டச் சுவர், மேலே கூம்புக் கூரை. கதிர் உள்ளே, தாள்முனை வெளியே வருமாறு கட்டுகளை அடுக்குவார்கள். நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். தாழ்ந்தால் மழைநீர் தாள் வழியே உள்ளே இறங்கி மணி முளைத்துவிடும். ஈரக்கட்டை அடுக்கினால் உள்ளே வெந்து பூசணம் பிடிக்கும். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகப் போகும்; முறை வரும்வரை போர் மாதக்கணக்கில் வயலில் நிற்கும். பனி மூடிய போர்களை மோனே வரைய முடிந்தது அதனால்தான்.

வெயிலான்: மாட்டுத் தீவனப் போரையும்தான் வேய்கிறார்கள். 1885இல் அவர் வரைந்தது புற்போர்தானே? அதை ஏன் மறைக்கிறீர்கள்?

தூரிகை: மறைக்கவில்லை. அது சின்னக் குவியல். இது 15 அடி, அதற்கு மேலும். கதிர்க்கட்டு.

வன்னியான்: இதுக்கு எங்கட ஈழத்துத் தமிழில சொல் இருக்கு: சூடு. வெட்டின கதிரை அடிக்க முதல் அடுக்கி வைக்கிறது சூடு. அடிச்சாப் பிறகு மிஞ்சிறதுதான் வைக்கோல்.

வெயிலான்: ‘மோனேயின் சூடு’ என்றால் இங்கே யாருக்குப் புரியும்?

வன்னியான்: உங்களுக்கு விளங்காட்டித் தமிழ் இல்லையோ? அறுவடையை ‘அரிவி வெட்டு’ எண்டு எழுதினதையும் போன மாசம் திருத்தினியள். மறக்கேல்லை.

நிழல்: சொல்லை விடுங்கள். வரிசையில் சுமார் 25 படம், உழைப்பவர் எங்கே? இன்னொரு ஓவியர் பிஸ்ஸாரோவின் 1882 ‘அறுவடை’யைப் பாருங்கள். வயல் நிறைய ஆட்கள்.

தூரிகை: அந்த வயலிலும் கட்டுவது கதிரைத்தான், வைக்கோலை இல்லை.

நிழல்: நான் கேட்டது ஆட்களைப் பற்றி.

தூரிகை: கதிர்க்கட்டு என்று ஒப்புக்கொண்டால் ஆட்களைப் பற்றியும் பேசலாம். வைக்கோலில் மணி இருக்காது.

வெயிலான்: படத்தில் மணி தெரிகிறதா? தலைப்பை மாற்ற மாட்டேன்.

வன்னியான்: சூடு எண்டு போடுங்கோ.